ரியல்டைம் கர்னல் போட்ட பிறகு வரும் தொல்லைகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சின்னப் பட்டறைகளில், கன்ட்ரோலர் செத்துப்போன மில்லிங் மெஷின்களுக்கு லினக்ஸ்சிஎன்சி (சாதாரணக் கணினியிலிருந்தே மெஷினை ஓட்டும் மென்பொருள்) போட்டு மறுபடி ஓட வைப்பது என் தொழில். இப்படி வரும் மெஷின்களில் இரும்பு நன்றாகவே இருக்கும். பால் ஸ்க்ரூவும் கைடு வேயும் இன்னும் பல வருஷம் தாங்கும். கன்ட்ரோலர் மட்டும்தான் போயிருக்கும். புதுசுக்கு விலை கேட்ட ஓனர், மெஷினையே எடைக்குப் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். ஒரு பழைய டெஸ்க்டாப்பும் ஒழுங்காக அமைத்த ரியல்டைம் கர்னலும் (வேலைகளைக் குறித்த நேரத்தில் தாமதமில்லாமல் நடத்தும் லினக்ஸ் மையப்பகுதி, சுருக்கமாக ஆர்டி கர்னல்) இருந்தால் அந்த மெஷினைக் காப்பாற்றிவிடலாம்.

கொஞ்ச நாளாக பர்கூர், ஊத்தங்கரை, பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள் பலர் தாங்களாகவே இதை நிறுவிப் பார்க்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் வாரத்துக்கு ஒரு போனாவது வருகிறது: "அண்ணா, ஆர்டி கர்னல் போட்டேன், வேலை செய்யலண்ணா." அந்தப் போனில் நான் கேட்கும் கேள்விகளைத்தான் கேட்கும் வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். செலவில்லாத சோதனை முதலில் வரும், காசு கேட்பது கடைசியில் வரும்.

கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

தொடங்கும் முன்

டிரைவ்களுக்குப் போகும் பவரை அணைத்துவிடுங்கள். கீழே உள்ள எந்தச் சோதனைக்கும் மோட்டார் சுற்றத் தேவையில்லை. எமர்ஜென்சி பட்டன் டிரைவ் பவரை நேரடியாக வெட்டும்படி வயரிங் இருக்கவேண்டும். பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டருக்குச் செய்தி போய், கம்ப்யூட்டர்தான் மெஷினை நிறுத்தும் என்ற அமைப்பு இருந்தால் கர்னல் வேலையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

அடுத்தது, கர்னலை நீங்களே கம்பைல் செய்வதில் தொடங்க வேண்டாம். டெபியன் 12, 13 இரண்டிலும் ரியல்டைம் கர்னல் தயாராகவே கிடைக்கிறது. 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-இமேஜ்-ஆர்டி-ஏஎம்டி64' என்ற ஒரே வரி போதும். உபுண்டு 22.04, 24.04 வைத்திருப்பவர்கள் உபுண்டு ப்ரோ கணக்கோடு இணைத்து 'சுடோ ப்ரோ எனேபிள் ரியல்டைம்-கர்னல்' கொடுக்கலாம். சொந்த உபயோகத்துக்கு 5 கணினி வரை இலவசம். பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு பேட்ச் (கர்னல் மூலத்தில் ஒட்டவேண்டிய திருத்தக் கோப்பு) இறக்கி மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகு போன் செய்பவர்கள்தான் அதிகம். அந்த மூன்று நாளை மிச்சப்படுத்துங்கள்.

பழைய கர்னலை அழிக்காதீர்கள். புதுசு பூட் ஆகாவிட்டால் திரும்பிப்போக இருக்கும் ஒரே வழி அதுதான்.

அறிகுறி: நிறுவல் பிழையில்லாமல் முடிந்தது, ஆனால் ஒரு மாற்றமும் தெரியவில்லை

வரும் போன்களில் பாதி இதுதான். நிறுவியது ஒரு கர்னல், ஓடிக்கொண்டிருப்பது இன்னொரு கர்னல்.

'யூநேம் -ஏ' கொடுங்கள். வரும் வரியில் 'ப்ரீஎம்ப்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் அடிக்கோடு போட்டு 'ஆர்டி' என்று இருந்தால்தான் அது ரியல்டைம் கர்னல். 'டைனமிக்' என்று இருந்தால் சாதாரண கர்னல். பலர் முதல் பாதியைப் பார்த்ததுமே வந்துவிட்டது என்று நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். கடைசி எழுத்து வரை படியுங்கள்.

'டைனமிக்' என்று வந்தால்:

மெஷினை ரீஸ்டார்ட் செய்தீர்களா? நிறுவினால் மட்டும் போதாது, பூட் ஆகவேண்டும்.

ரீஸ்டார்ட் செய்தும் அதேதான் என்றால், கிரப் மெனு (ஆன் செய்ததும் எந்தக் கர்னல் என்று கேட்கும் திரை) வரும்போது 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், பெயரில் 'ஆர்டி' உள்ள வரியை நீங்களே தேர்ந்தெடுங்கள். மெனுவே வராவிட்டால் ஆன் செய்ததும் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். யுஇஎஃப்ஐ கணினியாக இருந்தால் எஸ்கேப் கீயை ஒரு தட்டு தட்டினால் வரும்.

ஒவ்வொரு தடவையும் ஆபரேட்டர் வந்து மெனுவில் தேர்ந்தெடுக்க மாட்டார். அதனால் '/இடிசி/டிஃபால்ட்/கிரப்' கோப்பில் 'கிரப்_டிஃபால்ட்' எதிரே 'சேவ்ட்' என்றும், 'கிரப்_சேவ்டிஃபால்ட்' எதிரே 'ட்ரூ' என்றும் போட்டு 'சுடோ அப்டேட்-கிரப்' கொடுங்கள். இந்தக் கோப்பில் இருக்கும் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்து. கடைசியாகத் தேர்ந்தெடுத்த கர்னலே அடுத்த முறையும் வரும். தானாக அப்டேட் ஆகும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பட்டறைக் கணினிக்கு ராத்திரியில் புதுக் கர்னல் வந்து இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

மெய்நிகர் கணினிக்குள், அதாவது விண்டோஸ் மேல் விர்ச்சுவல்பாக்ஸில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்னல் பெயர் சரியாகவே காட்டும். ஆனால் அங்கே எடுக்கும் நேர அளவுகளுக்கு மதிப்பில்லை. மெனு பழக மட்டும் அது உதவும்.

அறிகுறி: பூட்டே ஆகவில்லை

திரையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி பழைய கர்னலில் ஏறிய பிறகு படித்துப் பார்க்க அதுதான் கைகொடுக்கும்.

*'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று வந்தால்.* செக்யூர் பூட் ஆனில் இருக்கிறது, உங்கள் கர்னலுக்குக் கையொப்பம் இல்லை. சொந்தமாகக் கம்பைல் செய்த கர்னலுக்கு இது வந்தே தீரும். டெபியன் தரும் கர்னல் கையொப்பத்தோடு வருவதால் அதில் வராது. பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்தால் முடிந்தது. பட்டறை மெஷினுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன்.

*'அன்ஏபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்' என்று கத்திவிட்டு நின்றால்.* கர்னல் ஏறிவிட்டது, ஆனால் தொடக்க வட்டுப் படம் (இனிட்ராம்எஃப்எஸ், பூட் ஆகும்போது தேவைப்படும் டிரைவர்கள் உள்ள கோப்பு) உருவாகவில்லை அல்லது பாதியில் நின்றுவிட்டது. பழைய கர்னலில் ஏறி 'டிஎஃப் -ஹெச் /பூட்' கொடுத்து இடம் இருக்கிறதா பாருங்கள். நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் காரணம் அதுவே. வேண்டாத பழைய கர்னல்களை ஆப்ட் வழியாக நீக்கிவிட்டு (ஓடிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு) 'சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே' என்று தட்டி, பின்னால் புதுக் கர்னலின் முழுப் பெயரையும் கொடுங்கள். பிறகு 'சுடோ அப்டேட்-கிரப்'. சொந்தக் கம்பைல் என்றால் டிபக் தகவலோடு சேர்ந்த மாட்யூல்களால் இந்தப் படம் பல மடங்கு ஊதியிருக்கும். மாட்யூல்களை நிறுவும்போது 'இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1' என்று பெரிய எழுத்தில் சேர்த்துக்கொண்டால் சுருங்கிவிடும்.

*கருப்புத் திரை, மூலையில் கர்சர் மட்டும்.* என்விடியா கார்டு இருக்கிறதா? அந்த நிறுவனத்தின் டிரைவர், கர்னல் ரியல்டைம் என்று தெரிந்ததும் நிறுவ மறுக்கும். அதைத் தாண்டிப் போகவைக்கும் ஒரு மாறி உண்டு என்றாலும் மெஷின் ஓட்டும் கணினியில் அதைச் செய்யாதீர்கள். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டிலேயே உள்ள இன்டெல் கிராஃபிக்ஸில் மானிட்டரை மாட்டுங்கள். மெஷின் திரைக்கு அது தாராளம்.

அறிகுறி: சொந்தமாகக் கம்பைல் செய்தேன், நடுவில் நின்றுவிட்டது

வேண்டாம் என்றுதான் மேலே சொன்னேன். ஆனாலும் சிலருக்கு நிஜமான தேவை இருக்கும். புது நெட்வொர்க் சிப்பாக இருக்கலாம், கல்லூரி புராஜெக்டாக இருக்கலாம்.

பேட்ச் போடும்போது 'ஹங்க் ஃபெயில்ட்' என்று வந்தால் பதிப்பு எண் பொருந்தவில்லை. 6.6.30 மூலத்துக்கு 6.6.30 என்று தொடங்கும் பேட்ச்தான் ஒட்டும். கடைசி எண் ஒன்று மாறினாலும் உடையலாம். பாதி ஒட்டிய மூலத்தைத் திருத்த உட்காராதீர்கள். கோப்புறையை அழித்து மறுபடி விரித்து, முதலில் '--டிரை-ரன்' சேர்த்து ஒத்திகை பாருங்கள். 2024 நவம்பரில் வந்த 6.12 கர்னலில் இருந்து ப்ரீஎம்ப்ட் ஆர்டி (கர்னலை ரியல்டைம் ஆக்கும் பகுதி) மூலத்திலேயே சேர்ந்துவிட்டது. சுமார் 20 வருஷம் வெளியே பேட்சாகவே இருந்தது இப்போது உள்ளேயே வந்துவிட்டதால், புதிதாகத் தொடங்குகிறவர் 6.12 அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொண்டால் பேட்ச் என்ற படியே தேவையில்லை.

'மெனுகான்ஃபிக்' உள்ளே 'ஃபுல்லி ப்ரீஎம்ப்டிபிள் கர்னல்' என்ற வரியே காணவில்லை. பேட்ச் ஒட்டவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். அது ஒளிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 'ஜெனரல் செட்டப்' கீழே 'எக்ஸ்பர்ட் யூசர்ஸ்' என்று முடியும் ஒரு வரி இருக்கும். அதை ஆன் செய்துவிட்டுத் திரும்பி வந்து பாருங்கள்.

'நோ ரூல் டு மேக் டார்கெட்' என்று சொல்லி, பின்னால் 'பெம்' என்று முடியும் ஒரு கோப்பின் பெயரைக் காட்டினால், உங்கள் டிஸ்ட்ரோவின் அமைப்புக் கோப்பை நகலெடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அவர்களுடைய சான்றிதழ் உங்களிடம் இல்லை. 'சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்' மதிப்பை வெறும் மேற்கோள் குறியாக்குங்கள். 'சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ்' கூட இருந்தால் அதற்கும் இதே வைத்தியம்.

'பாஹோல்' இல்லை என்றால் 'டுவார்வ்ஸ்' என்ற பொதியை நிறுவுங்கள். எந்தக் காரணமும் சொல்லாமல் 'கில்ட்' என்று வந்தால் ரேம் போதவில்லை. 'மேக் -ஜே' பின்னால் உள்ள எண்ணை 2 ஆக்கிவிட்டுத் தூங்கப் போங்கள். டிபக் தகவலை அணைத்துவிட்டால் நேரமும் டிஸ்க் இடமும் வெகுவாக மிச்சமாகும்.

அறிகுறி: கர்னல் சரி, ஆனால் புரோகிராம் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்கிறது

சாதாரண யூசருக்கு ரியல்டைம் முன்னுரிமை கேட்க உரிமை கிடையாது. 'ரியல்டைம்' என்று ஒரு குழு உண்டாக்கி உங்கள் யூசரை அதில் சேருங்கள். '/இடிசி/செக்யூரிட்டி/லிமிட்ஸ்.டி' உள்ளே ஒரு கோப்பு வைத்து, அந்தக் குழுவுக்கு 'ஆர்டிப்ரையோ' 99, 'மெம்லாக்' 'அன்லிமிட்டட்' என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டெர்மினல் ஜன்னலை மூடித் திறந்தால் போதாது.

லினக்ஸ்சிஎன்சியில் இதே கோளாறு வேறு முகத்தோடு வரும். டெர்மினலில் 'யூசிங் போசிக்ஸ் நான்-ரியல்டைம்' என்று ஒரு வரி ஓடும். 'நான்' என்ற அந்தச் சின்னச் சொல்லைக் கவனியுங்கள். கர்னல் ரியல்டைம்தான் என்று மேலே உறுதி செய்துவிட்டீர்கள் என்றால், மூலத்திலிருந்து கட்டியபோது 'சுடோ மேக் செட்யுஐடி' கொடுக்க மறந்திருப்பீர்கள்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் 'அன்எக்ஸ்பெக்டட் ரியல்டைம் டிலே' எச்சரிக்கை வருகிறது; அல்லது ஸ்டெப் தவறுகிறது

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். நிறுவல் கோளாறுகள் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இது வாரக்கணக்கில் இழுக்கும், வேலையின் தரத்திலும் கைவைக்கும். லினக்ஸ்சிஎன்சியை ஒரு தடவை தொடங்கினால் அந்த எச்சரிக்கையை ஒரு முறைதான் காட்டும். மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தால் அதற்குப் பிறகு எத்தனை முறை தாமதம் நடந்தாலும் திரை சொல்லாது. எனவே மூடிவிட்டுப் போகாதீர்கள்.

*முதலில் அளந்து பாருங்கள்.* தாமதத்தை (லேட்டன்சி) அளந்து வரைபடமாகக் காட்டும் 'லேட்டன்சி-ஹிஸ்டோகிராம்' ஓடவிடுங்கள். லினக்ஸ்சிஎன்சி இல்லாதவர்கள் 'ஆர்டி-டெஸ்ட்ஸ்' பொதியில் உள்ள 'சைக்ளிக்டெஸ்ட்' எடுத்துக்கொள்ளலாம். ஓடும்போது கணினியைச் சும்மா வைக்காதீர்கள். ஒரு பெரிய கோப்பை பென் டிரைவுக்கு நகலெடுங்கள், பிரவுசரைத் திறந்து மூடுங்கள், 'ஜிஎல்எக்ஸ்கியர்ஸ்' என்ற கிராஃபிக்ஸ் சோதனை இரண்டு மூன்று ஜன்னல் ஓடட்டும். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது தவறு. நான் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு காலையில் வந்து பார்ப்பேன்.

பார்க்கவேண்டியது உச்ச மதிப்பை. சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. பேரலல் போர்ட்டில் நேரடியாக ஸ்டெப் (மோட்டாரை ஒரு படி நகர்த்தும் துடிப்பு) அனுப்பும் மெஷினுக்கு 15 முதல் 20 மைக்ரோ விநாடி அருமை. 30 முதல் 50 என்றால் ஓடும், வேகம் குறையும். 100க்கு மேல் போனால் அந்த முறைக்கு ஆகாது. 1 மில்லி விநாடியைத் தொட்டால் அந்தக் கணினியில் எதுவுமே சரிவராது.

வேகம் எவ்வளவு குறையும் என்று ஒரு கணக்கு. 200 ஸ்டெப் மோட்டார், டிரைவில் 10 மைக்ரோஸ்டெப், 5 மில்லிமீட்டர் பிட்ச் ஸ்க்ரூ. மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 2,000 துடிப்பு, ஒரு மில்லிமீட்டருக்கு 400. தாமதம் அதிகம் என்பதால் பேஸ் த்ரெட்டை (துடிப்பு அனுப்ப லினக்ஸ்சிஎன்சி திரும்பத் திரும்ப ஓட்டும் வேலை) 50 மைக்ரோ விநாடிக்கு ஒரு தடவை என்று வைக்கவேண்டி வந்தால், ஒரு துடிப்புக்கு அதன் இரண்டு ஓட்டம் வீதம் விநாடிக்கு 10,000 துடிப்புதான் அனுப்பமுடியும். அதாவது நிமிஷத்துக்கு 1,500 மில்லிமீட்டர். தாமதத்தைக் குறைத்து 25 மைக்ரோ விநாடிக்குக் கொண்டுவந்தால் அதே மெஷின் 3,000 போகும். ஓனர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். மைக்ரோ விநாடி என்றால் முகம் சுளிப்பவர்கள், ஒரு ஜாப்புக்கு எத்தனை நிமிஷம் மிச்சம் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

*அளவு எப்போதுமே அதிகமாக இருந்தால்.* பயாஸுக்குள் போங்கள். சி-ஸ்டேட், ஸ்பீட்ஸ்டெப், டர்போ, ஹைப்பர்த்ரெடிங், இந்த நான்கையும் அணையுங்கள். ஒவ்வொன்றாக அணைத்து ஒவ்வொரு முறையும் அளந்து, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நான்கையும் ஒரேயடியாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, அடுத்த மெஷினில் மறுபடி முதலிலிருந்து தேடவேண்டி வரும். சில பிராண்டட் கணினிகளின் பயாஸில் இந்த வரிகளே இருக்காது. அப்போது கர்னல் வரியில் (பூட் ஆகும்போது கிரப் கர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு வரி) 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=0', 'ப்ராசஸர்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' சேர்க்கலாம். 'ஐடில்=போல்' சேர்த்தால் இன்னும் இறங்கும், ஆனால் சிபியு எப்போதும் சூடாகவே இருக்கும். மூடிய பேனல் பெட்டிக்குள் கணினியை வைத்திருந்தால், ஏப்ரல், மே வெயிலில் அதைச் செய்யாதீர்கள்.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் கோர்களைப் பிரித்து வையுங்கள். நான்கு கோர் கணினியில் 'ஐசோல்சிபியூஸ்=2,3' என்று சேர்த்தால் சாதாரண வேலைகள் முதல் இரண்டு கோரோடு நின்றுகொள்ளும். லினக்ஸ்சிஎன்சி தன் ரியல்டைம் வேலையைக் கடைசிக் கோருக்கு அனுப்பும். பல மெஷின்களில் 40ஐ ஒட்டி நின்ற அளவு இந்த ஒரு வரியில் 20க்குக் கீழே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

*பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, எப்போதாவது ஒரு பெரிய குதி.* ஹிஸ்டோகிராமில் நடுவில் ஒல்லியான கோபுரமும் தூரத்தில் தனியாக ஒரு கோடும் தெரியும். மெஷின் கெடுவது அந்தத் தனிக் கோட்டால்தான். 'ஹெச்டபிள்யூலாட்டிடெக்ட்' என்ற கருவியை ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள். இது கர்னலை ஒதுக்கிவிட்டு வன்பொருளின் தாமதத்தை மட்டும் பார்க்கும். இதிலும் குதி தெரிந்தால் எந்தக் கர்னலை மாற்றினாலும் போகாது. பயாஸ் தன் சொந்த வேலைக்காகச் சிபியுவைப் பறித்துக்கொள்கிறது. யுஎஸ்பி லெகசி சப்போர்ட், தானியங்கி ஃபேன் கட்டுப்பாடு போன்றவற்றை அணைத்துப் பாருங்கள். லேப்டாப்பில் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீராது. லேப்டாப்பை வைத்து மெஷின் ஓட்ட ஆசைப்படுகிறவர்களை நான் ஆரம்பத்திலேயே தடுத்துவிடுவேன்.

*மாதக்கணக்கில் நன்றாக ஓடியது, திடீரென்று தொடங்கியது.* இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்கே இரண்டு நாள் பிடித்தது.

தேன்கனிக்கோட்டை சாலையில் ஒரு பட்டறை. மூன்று மாதம் ஒரு எச்சரிக்கை கூட இல்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் போன். "அண்ணா, நேத்து வரைக்கும் ஓடுச்சு. இன்னிக்கி ஆன் பண்ணதும் டிலேன்னு வருது. யாரும் எதையும் தொடலண்ணா." போனேன். கர்னல் அதே கர்னல், 'யூநேம்' சரி, பூட் வரியில் நான் எழுதியது அப்படியே இருக்கிறது. தாமதம் மட்டும் 18இல் இருந்து 140க்குப் போயிருக்கிறது. கேபிளை மாற்றினேன். ரேமைக் கழற்றித் துடைத்தேன். கர்னலையே மறுபடி நிறுவினேன். சாயங்காலம் ஆனது. அசையவில்லை.

மறுநாள் தற்செயலாக ஆப்ட் ஓடவிட்டபோது, களஞ்சியக் கோப்பு இன்னும் செல்லுபடி ஆகவில்லை என்று ஒரு பிழை. அப்போதுதான் திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். பல வருஷம் பின்னால் இருந்தது. உடனே புரிந்துவிட்டது. புதன்கிழமை அந்தப் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை; பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. அந்தப் பட்டறையில் கணினியை ஆஃப் செய்வார்களே தவிர சுவரில் உள்ள சுவிட்சை அணைக்க மாட்டார்கள். மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பட்டன் செல் எப்போதோ செத்துப்போயிருந்தும், சுவரில் இருந்து வரும் மின்சாரத்திலேயே பயாஸ் நினைவு நின்றுகொண்டிருந்தது. ஒரு பகல் முழுக்க அது நின்றதும் பயாஸ் பிறந்த நிலைக்குத் திரும்பி, நான் அணைத்து வைத்திருந்த சி-ஸ்டேட், டர்போ எல்லாம் மறுபடி உயிர்பெற்றுவிட்டன.

ஐம்பது ரூபாய்க்குள் ஒரு செல். மாற்றி, நோட்டில் எழுதிவைத்த பயாஸ் மாற்றங்களைத் திரும்பச் செய்தேன். 18.

அன்றிலிருந்து பழைய கணினி எதை எடுத்தாலும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் இருந்து வாங்கி வந்ததாக இருந்தாலும் சரி, உள்ளூர் கடையில் எடுத்ததாக இருந்தாலும் சரி, முதலில் அந்தச் செல்லைத்தான் மாற்றுகிறேன். பயாஸ் மாற்றங்களை ஒரு தாளில் எழுதி, பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன். திடீர்த் தாமதம் என்று யார் போன் செய்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: "திரையில என்ன தேதி காட்டுது?"

அறிகுறி: ஈதர்நெட் கார்டு போட்ட மெஷினில் 'எரர் ஃபினிஷிங் ரீட்'

மேசா போன்ற, ஈதர்நெட் கேபிளில் இணைக்கும் மெஷின் கட்டுப்பாட்டுக் கார்டு வைத்தால் துடிப்பு உண்டாக்கும் வேலை கார்டுக்குப் போய்விடும். கணினிக்கு 1 மில்லி விநாடிக்கு ஒரு வேலைதான். அதனால் சிபியு தாமதம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் தாங்கும். ஆனால் நெட்வொர்க் வழியில் தாமதம் வந்தால் இந்தப் பிழை.

நடுவில் ஸ்விட்ச் பெட்டி இருந்தால் எடுத்துவிட்டு ஒரே கேபிளில் நேராக இணையுங்கள். அந்த போர்ட்டில் இன்டர்நெட் வரக்கூடாது. நிலையான ஐபி கொடுத்துத் தனியாக விடுங்கள். ஸ்பிண்டில் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் பிழை வந்தால் அது கர்னல் கோளாறே இல்லை. கேபிள் இன்வெர்ட்டர் வயரோடு ஒட்டிப் போகிறது. பிரித்து எடுத்து, கவசம் உள்ள கேபிள் போட்டு, எர்த்திங்கைச் சோதியுங்கள்.

இன்டெல் சிப் என்றால் 'ஈதர்டூல் -சி' (இங்கே 'சி' பெரிய எழுத்து), பிறகு போர்ட்டின் பெயர், 'ஆர்எக்ஸ்-யுசெக்ஸ் 0' கொடுங்கள். வந்த பொட்டலங்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகச் சிபியுவுக்குச் சொல்லும் பழக்கம் நின்றுவிடும். ரியல்டெக் சிப் என்றால் 'ஆர்8168-டிகேஎம்எஸ்' டிரைவரைப் போட்டுப் பார்க்கலாம். அதிலும் தீரவில்லை என்றால் பழைய இன்டெல் நெட்வொர்க் கார்டு ஒன்றை வாங்கிச் செருகுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: நான் எழுதிய புரோகிராமை ஓடவிட்டதும் கணினி உறைந்துவிடுகிறது

மாணவர்களுக்கு வருவது. உயர்ந்த முன்னுரிமை கொடுத்துவிட்டு, லூப்புக்குள் எங்கும் தூங்கவிடாமல் எழுதியிருப்பீர்கள். மவுஸ் கூட அசையாது. டெபியன் 12இல் ரியல்டைம் வேலைகளுக்கு விநாடிக்கு 0.95 பங்குதான் என்று கர்னலே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதனால் இழுத்து இழுத்தாவது நகரும், கர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி'யில் 'ஆர்டி த்ராட்லிங் ஆக்டிவேட்டட்' என்று எழுதியிருக்கும். அந்த வரம்பை எடுத்துவிடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். லூப்பின் முடிவில் 'கிளாக்_நானோஸ்லீப்' வைத்து அடுத்த சுற்றுவரை தூங்கவையுங்கள். முன்னுரிமை 99ஐ எந்தப் புரோகிராமுக்கும் கொடுக்காதீர்கள், 80 போதும் (மேலே 'லிமிட்ஸ்.டி' கோப்பில் எழுதிய 99 உச்சவரம்பு மட்டும்தான்).

செனோமாய், ஆர்டிஏஐ போட முயல்கிறவர்களுக்கு

இவை கர்னலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கர்னலை வைத்து ஓட்டும் முறை. மிலன் பாலிடெக்னிக்கில் பிறந்தது ஆர்டிஏஐ. 2001இல் தொடங்கிய செனோமாய் அதோடு கொஞ்ச காலம் சேர்ந்து நடந்து 2005இல் பிரிந்தது. புதியவருக்கு என் கருத்து: ப்ரீஎம்ப்ட் ஆர்டியில் அளந்து பார்த்து, அது போதவில்லை என்று எண்ணோடு காட்ட முடிந்தால் மட்டும் இங்கே வாருங்கள். என் மெஷின்களில் ஒன்றுக்குக்கூட இதுவரை தேவைப்படவில்லை.

வந்துவிட்டீர்கள் என்றால் இரண்டு சோதனை. 'டிமெஸ்ஜி'யில் 'கோபால்ட்' என்ற பெயர் வருகிறதா? வராவிட்டால் கர்னல் பக்கம் ஏறவில்லை, நூலகத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. வருகிறது, ஆனால் 'லிப்கோபால்ட்' கிடைக்கவில்லை என்கிறதா? '/யுஎஸ்ஆர்/செனோமாய்/லிப்' பாதையைச் சேர்த்து 'சுடோ எல்டிகான்ஃபிக்' கொடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடவேண்டும்

மெஷின் கட்டளை இல்லாமல் ஒரு தடவை நகர்ந்துவிட்டாலும், அது ஒரு மில்லிமீட்டராக இருந்தாலும், கர்னலைத் தோண்டாதீர்கள். பவரை அணைத்துவிட்டு டிரைவும் வயரிங்கும் தெரிந்தவரை வரவழையுங்கள். மூன்று ஃபேஸ் பேனலுக்குள், சர்வோ டிரைவுக்குள் கைவைக்கும் வேலையும் அப்படித்தான். டிரைவின் கப்பாசிட்டர்களில் அணைத்த பிறகும் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

பயாஸ் அப்டேட் செய்தால் குதி போகும் என்று தோன்றினால், அதே மாடலுக்கான கோப்புதான் என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள்.

மேலே உள்ள எல்லாம் செய்தும் உச்ச அளவு 100க்குக் கீழே இறங்கவில்லை என்றால் ஆளைக் கூப்பிட்டும் பயனில்லை, அந்தக் கணினி இந்த வேலைக்கு ஆகாது. அதை பில் போடும் மேசைக்கு அனுப்பிவிட்டு வேறொன்று பாருங்கள். வாங்கும் முன்னால் லினக்ஸ்சிஎன்சி லைவ் பென் டிரைவ் ஒன்றைக் கடைக்கே எடுத்துப் போய், அங்கேயே பூட் செய்து, அரை மணி நேரம் லேட்டன்சி சோதனை ஓடவிடச் சொல்லுங்கள். நான் கேட்ட கடைக்காரர்கள் யாரும் இதுவரை மறுத்ததில்லை.